சேரலை என்றால் எது சேரலை? விலக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

நம் ஊரில் ‘சேரலை’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பல சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். இறால் தின்றதும் உதடு வீங்கினால் சேரலை. பால் குடித்துப் பேதியானால் சேரலை. காதுகுத்து வீட்டில் மூன்றாவது முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டு ராத்திரி நெஞ்செரிந்தாலும் சேரலை. முதலாவது ஒவ்வாமை. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் கிளம்பிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாவதில் அந்த உணவைச் செரிக்கும் சக்தி குடலுக்குக் குறைவு. தொல்லை உண்டு, உயிருக்கு ஆபத்தில்லை. மூன்றாவது வெறும் அளவு. இங்கே நான் சொல்லப்போவது நடுவில் இருப்பதைப் பற்றி.

மதுரையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். திருமங்கலம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு நோட்டு. அதில் கத்தரிக்காய், துவரம்பருப்பு, முட்டை, தேங்காய், கடலை, மாம்பழம், கோதுமை, பால், தயிர், கருவாடு என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றையும் அடித்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் சொன்னது, வீடியோவில் பார்த்தது, மாமியார் சொன்னது என்று ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் கஞ்சியும் ரசமும்தான் மிச்சம். ஆறு கிலோ எடை குறைந்திருந்தது. வயிற்றுப் பொருமல் மட்டும் போகவில்லை.

பத்தியம் நமக்குப் பழக்கமானது. விடச் சொன்னால் விட்டுவிடுவோம். ஆனால் விலக்கிப் பார்க்கும் பத்தியத்தில் விடுவது பாதி வேலைகூட ஆகாது. விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விடை கிடைக்கும். எத்தனை உணவை இலையில் திரும்ப வைக்க முடியும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடெல்லாம்.

தொடங்கும் முன்: இவர்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றி மயக்கம் என்று வந்திருந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த உணவை ‘கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்போம்’ என்று வீட்டில் சோதிக்கவே கூடாது. அப்படி ஆகிவிட்டால் 108ஐ அழையுங்கள். மோர் கொடுத்துப் பார்ப்பது, வெற்றிலை மிளகு கொடுத்துப் பார்ப்பது என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், ரத்தசோகை, விழுங்கச் சிரமம், 50 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப் பழக்கம் – இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுபிள்ளைகள், இன்சுலின் போடுகிறவர்கள் ஆகியோர் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கோதுமை மேல் சந்தேகம் இருந்தால், அதை விடுவதற்கு முன்னால் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரலாம். பிறகு பரிசோதனைக்காகவே ஆறு வாரம் போல தினமும் கோதுமை தின்ன வேண்டிவரும். விட்டதால் நன்றாக இருக்கிறவருக்கு அது பெரிய தண்டனை.

ரத்தத்தைக் கொடுத்தால் நூறு, இருநூறு உணவுகளில் எது சேராது என்று பட்டியல் தருகிறோம் என்பார்கள். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனை அது. நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும்; சேராது என்று காட்டாது. அந்தப் பட்டியலை நம்பிப் பிள்ளைகளுக்கு முட்டையையும் பாலையும் நிறுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

எல்லாரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும் படி இது. ஏழு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, வாயில் போடுவதையெல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். ஒருவருடைய பக்கம் இப்படி இருந்தது:

காலை 6.15 காபி, பெரிய டம்ளர், பால் 150 மி.லி. 8.30 இட்லி 4, சாம்பார், தேங்காய்ச் சட்னி. 9.00 பிரஷர் மாத்திரை. 10.00 வயிறு பொருமல், பத்துக்கு ஆறு. 11.00 டீ, பருப்பு வடை 2. 1.30 சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், தயிர். 4.30 டீ, மிக்சர். 6.00 பொருமல், பத்துக்கு எட்டு, பெல்ட்டைத் தளர்த்தினேன்.

‘இட்லி சேரலை மேடம்’ என்றுதான் அவர் வந்தார். பொருமல் வந்தது இட்லிக்குப் பிறகு என்பதால் பழி இட்லி மேல். ஆனால் பால் சர்க்கரையின் தொல்லை பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் தெரியும். வெங்காயம், பருப்பு, கோதுமையில் உள்ள சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கப் பல மணி நேரம் ஆகும். ஆகவே காலை 10 மணிப் பொருமலுக்கு நேற்று ராத்திரிச் சாப்பாடும் காரணமாக இருக்கலாம். கடைசியாகத் தின்றதைக் குற்றவாளி ஆக்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தப்பு.

தூக்கம், மாதவிடாய் நாள், மாத்திரைகள், சண்டை சச்சரவு எல்லாமும் ஒரு ஓரத்தில் இருக்கட்டும். அப்புறம் கைகொடுக்கும்.

அறிகுறி: காபி, பால், ஜிகர்தண்டாவுக்குப் பிறகு வயிறு கடமுட, சில சமயம் பேதி

சந்தேகம்: பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்தில் நிறையச் சுரக்கும். வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும். இது உலகம் முழுக்க உள்ள இயல்பு, வியாதி என்று பயப்பட வேண்டாம்.

100 மி.லி. பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். லாக்டோஸ் சேராதவர்களில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் அளவு, பெரிய தொல்லை இல்லாமல் தாங்குவார்கள். இதை வைத்துப் பார்த்தால் ‘எனக்குக் காபி ஒத்துக்குது, ஜிகர்தண்டாதான் ஒத்துக்கலை, அதில் என்னமோ கலக்கிறார்கள்’ என்ற புகாருக்கு விடை கிடைக்கும். ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் போய் லாக்டோஸ் அப்படியே தங்கிவிடுகிறது. அதன் மேல் ஐஸ்கிரீம். பாதாம் பிசினையும் நன்னாரியையும் குறை சொல்லிப் பயனில்லை.

செய்ய வேண்டியது: இரண்டு வாரம் பால், ஐஸ்கிரீம், பால்கோவா, பன்னீர், பால் பவுடர் சேர்த்த பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். அதை விட வேண்டியதில்லை. தயிரில் உறை கிருமிகள் ஓரளவைத் தின்றுவிடும், இருந்தாலும் சோதனை நாட்களில் தயிரும் வேண்டாம். பெயரில் பால் இருக்கிறது என்று பருத்திப்பாலை நிறுத்தியவர்கள் உண்டு. பருத்திக்கொட்டைச் சாறு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, தேங்காய்ப்பால் – மாட்டுப்பால் கலக்காத வண்டியாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள்.

குணம் தெரிந்தால் முதல் நாள் 50 மி.லி. பால், அடுத்த நாள் 100, மூன்றாம் நாள் 200 என்று ஏற்றிப் பாருங்கள். எந்த அளவில் தொல்லை தொடங்குகிறதோ அதற்குக் கீழேதான் உங்கள் எல்லை. சிலருக்கு அது தினம் இரண்டு சின்னக் காபி. சிலருக்குத் தயிர் மட்டும். சித்திரைத் திருவிழாப் பந்தலில் கொடுக்கும் நீர்மோர் அநேகமாக எல்லாருக்கும் சரிப்படும், அவ்வளவு தண்ணீர் அதில் இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்து தேறியவர்களுக்குச் சில வாரம் பால் சேராமல் போவதும் உண்டு. அது தானாகச் சரியாகும். வாழ்நாள் முழுக்கப் பாலை விட்டுவிட வேண்டாம்.

பாலை விடுகிற நாட்களில் கால்சியத்துக்கு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கொண்ட கேழ்வரகும், எள்ளும், முள்ளோடு தின்னும் நெத்திலியும் இருக்கின்றன.

அறிகுறி: காலையில் தட்டை வயிறு, சாயங்காலம் பானை வயிறு

இதுதான் நான் அதிகம் பார்ப்பது. பொழுது ஏற ஏற வாயு சேரும், சேலைக் கொசுவம் இறுகும். சந்தேகம்: சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலில் போய்ப் புளிக்கும் சர்க்கரைகள். இவற்றுக்கு ஃபாட்மேப் என்று பெயர். இவற்றை விலக்கிப் பார்க்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். நம் அடுப்பங்கரையில் முக்கியமானவர்கள்: வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு பயறு வகைகள், முந்திரி, மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, காலிஃபிளவர். சின்ன வெங்காயமும் இதில் அடக்கம். அது ‘உடம்புக்கு நல்லது’ என்பதால் தப்பிக்காது.

திருமங்கலத்து அம்மாவுக்கு வருவோம். எல்லாவற்றையும் விட்டவர் ரசத்தை விடவில்லை. ரசம் வயிற்றுக்கு இதமானது என்பது நம் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. ‘எப்படிம்மா வைப்பீங்க?’ என்று கேட்டேன். மிளகு, சீரகம், ஆறு பல் பூண்டு தட்டிப்போட்டு. ‘பூண்டை எடுத்து ஓரமா வச்சிருவேன் மேடம், திங்க மாட்டேன்.’ பூண்டில் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையக்கூடியது. பல்லை எடுத்தெறிந்தாலும் சர்க்கரை ரசத்தில் இறங்கிவிட்டது. அதைத்தான் அவர் தினம் மூன்று வேளையும் குடித்திருக்கிறார்.

அதே ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. ஆகவே நல்லெண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, பல்லை முழுசாக எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கடுகு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து ரசத்தில் கொட்டினால் வாசம் அப்படியே இருக்கும், சர்க்கரை இருக்காது. எண்ணெயில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குச் செய்யுங்கள், ஊறவைத்துச் சேமிக்க வேண்டாம். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை அரிந்து போடலாம். பெருங்காயம் கை கொடுக்கும். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். ஒரு சிட்டிகை பொருமலுக்குப் பெரிதல்ல. சீலியாக் உள்ளவருக்குப் பெரிது. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இரண்டிலிருந்து நான்கு வாரம் இப்படிப் போகட்டும்: சோறு, இடியாப்பம், உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், முட்டை, மீன், கோழி, ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி, இஞ்சி, மிளகு, சீரகம், மஞ்சள், மல்லித்தழை எல்லாம் உண்டு. பட்டினி கிடக்கும் பத்தியம் இல்லை இது. இட்லியை நான் முழுசாக விடச் சொல்வதில்லை. ஊறும்போதும் மாவு புளிக்கும்போதும் உளுந்தின் சர்க்கரை குறைகிறது. ஆனால் உளுந்து ஊறிய தண்ணீரையே ஊற்றி அரைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; இந்த நாட்களில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரையுங்கள். வேளைக்கு இரண்டு, மூன்று போதும்.

பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பு, பயறில் உள்ள அந்தச் சர்க்கரையை உடைக்கும் நொதி எந்த மனுசருக்கும் கிடையாது. மொச்சையும் தட்டைப்பயறும் எல்லாருக்கும் வாயு உண்டாக்கும். சிலருடைய குடல் அதை அதிகமாக உணர்கிறது, அவ்வளவுதான். இரண்டு வேளை சாம்பார், நடுவில் பருப்பு வடை, சாயங்காலம் சுண்டல் என்று குவியும்போதுதான் வினை.

அறிகுறி: பரோட்டா, சால்னா சாப்பிட்ட மறுநாள் வயிறு சரியில்லை

‘மைதா சேரலை’ என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தத் தட்டில் மைதாவோடு வெங்காயம், பூண்டு, மிளகாய், நிறைய எண்ணெய் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. ராத்திரி பத்து மணி வேறு. ஒரே தட்டில் அஞ்சு பேரை நிறுத்திவிட்டு ஒருவரைப் பிடிக்க முடியாது. பிரித்துச் சோதியுங்கள்: ஒரு நாள் வெங்காயமில்லாத உருளைக்கிழங்கு மசியலோடு சப்பாத்தி. இரண்டு மூன்று நாள் விட்டு, சோற்றோடு வதக்கிய வெங்காயம். அப்புறம் கோதுமையும் வெங்காயமும் இல்லாத, எண்ணெய் கூடுதலான ஒரு வேளை. எண்ணெய் இரைப்பையைக் காலியாக விடாமல் தாமதப்படுத்தும். வயிறு கல்லாகக் கிடப்பதற்குப் பல சமயம் அதுதான் காரணம்.

கோதுமை சேராதவர்கள் எல்லாரும் உடனே குளூட்டனைப் பழிக்கிறார்கள். 2018இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், குளூட்டன் சேராது என்று தாங்களே நம்பிய 59 பேருக்கு எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனைவிட, கோதுமையிலும் இருக்கும் ஃப்ரக்டானுக்குத்தான் தொல்லை அதிகமாக வந்தது. இது வீட்டுக்கு ஏன் முக்கியம்? ஃப்ரக்டான் என்றால் அளவு பார்த்து ஒரு சப்பாத்தி, இரண்டு சப்பாத்தி என்று சாப்பிடலாம்; சீலியாக் என்றால் ஒரு துணுக்குகூடக் கூடாது.

அறிகுறி: மீன் தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலைவலி, அரிப்பு

முன்பு பலமுறை அதே மீனைத் தின்று ஒன்றும் ஆகாதவரா? அன்று சாப்பிட்டவர்களில் இன்னும் ஒருவருக்கும் இப்படி ஆனதா? அப்படியானால் மீன் கெட்டிருக்கலாம். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் பெருகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மதுரைக்கு வருகிற மீன் வழியெல்லாம் ஐஸில் இருந்தாக வேண்டும். இருந்தாலும் ஒவ்வாமையும் இதே முகத்தோடு வரும். ஆகவே முதல் முறை என்றால் மருத்துவரிடம் காட்டாமல் மறுபடி மீனைத் தொடாதீர்கள்.

அறிகுறி: எதை விட்டாலும் மாறவில்லை

ஆறு வாரம் ஒழுங்காக விலக்கியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இன்னும் கடுமையாக்க வேண்டாம். காரணம் உணவில் இல்லாமல் இருக்கலாம்.

என் அம்மாவுக்குத் தினமும் காலையில் மூன்று நான்கு தடவை கழிச்சல். கத்தரிக்காய், பருப்பு, கடைசியில் காபி என்று எல்லாவற்றையும் விட்டார். எங்காவது பயணம் என்றால் முந்தின ராத்திரி சாப்பிட மாட்டார். நானே உணவு படித்தவள். நானும் உணவிலேயே தேடினேன். ஒரு நாள் பழைய மருந்துச் சீட்டுகளை அடுக்கியபோதுதான் தெரிந்தது, சர்க்கரை நோய்க்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவைக் கூட்டிய மாதமும் வயிறு கெட்ட மாதமும் ஒன்று. மருத்துவர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் அடங்கியது. அன்றைக்குக் கத்தரிக்காய்க் கொத்சு செய்து கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்துச் சாப்பிட்டார்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக், சர்க்கரை இல்லாத மிட்டாயில் உள்ள சார்பிட்டால் – இவையும் இதே வேலையைச் செய்யும். குடல் புழு, தைராய்டு, வயிற்றில் தொற்று ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

அறிகுறி: விட்டதும் சரியானது, திரும்பச் சேர்த்தால் ஒரே குழப்பம்

குழப்பம் பெரும்பாலும் அவசரத்தால் வரும். பொருமல் போன சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை வெங்காயப் பஜ்ஜியும் சப்பாத்தியும் ஜிகர்தண்டாவுமாக இறங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை எல்லாமே குற்றவாளி.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். மற்றதெல்லாம் பத்தியச் சாப்பாடு. வெங்காயம் என்றால் முதல் நாள் ஒரு மேஜைக்கரண்டி, இரண்டாம் நாள் கால் வெங்காயம், மூன்றாம் நாள் அரை வெங்காயம். நடுவில் தொல்லை தெளிவாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் வயிறு பழைய நிலைக்கு வர மூன்று நாள் விடுங்கள். அடுத்தது பூண்டு. பிறகு கோதுமை, துவரம்பருப்பு, பால், மாம்பழம். வெங்காயம் சேரலை என்றால் பூண்டும் சேராது என்று முடிவு கட்டாதீர்கள், தனித்தனியாகப் பாருங்கள். மாதவிடாய் நாட்களிலும், ராத்திரி ஷிஃப்ட் மாறுகிற வாரத்திலும் சோதனை வேண்டாம்.

இந்தச் சமயத்தில்தான் எங்காவது குலதெய்வக் கோயில் கிடாவெட்டு வந்து நிற்கும். ‘ஒரு வாய்தானே மதினி, என்ன ஆயிரப் போகுது?’ என்று கறிக்குழம்பை ஊற்றுவார்கள். ஒன்றும் ஆகாது. சாப்பிடுங்கள், நோட்டில் எழுதுங்கள், மூன்று நாள் இடைவெளி விட்டுச் சோதனையை மறுபடி தொடருங்கள். ஒரு நாள் தவறியதால் மொத்தத்தையும் கைவிட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

சந்தேகமான முடிவு வந்தால் இரண்டு வாரம் கழித்து அதே பொருளை மறுபடி சோதியுங்கள். இரண்டு முறையும் ஒரே அளவில் ஒரே தொல்லை வந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள். அதையும் நாலைந்து மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். குடலின் பொறுமை மாறிக்கொண்டே இருக்கும்.

திருமங்கலத்து அம்மாவுக்கு இதெல்லாம் முடிய மூன்று மாதம் ஆனது. அடுப்பங்கரை அலமாரிக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்: பூண்டு எண்ணெயில் மட்டும். வெங்காயம் கால். சப்பாத்தி 2. துவரம்பருப்பு ஒரு வேளை. கத்தரிக்காய், முட்டை, தேங்காய், தயிர், மாம்பழம் நாலு துண்டு – எல்லாம் ஆகும். போன வாரம் பேசியபோது எடை நாலு கிலோ திரும்பியிருக்கிறது என்றார். அடுத்து கருவாட்டைச் சோதிக்கலாமா என்று கேட்டார். முதல் நாள் ஒரு சின்னத் துண்டு என்று சொல்லியிருக்கிறேன்.